துரை பேசிய மூன்று சொற்கள்

1

இந்தக் கதை, என் அக்கா என் மேஜைமேல் தொப்பென்று போட்ட பதினான்கு காலி ஃபைல்களில் தொடங்கியது. அக்கா வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பத்து நாளில் தர ஆய்வு. ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு வளர்ச்சிக் குறிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. எட்டு மாதமாக ஒருவருக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆய்வில் இது தெரிந்தால் உரிமம் போய்விடும்.

"எழுத நேரம் எங்கடா இருந்துச்சு? ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு அழுவுது. நீ சும்மாதானே கதை கதையா எழுதிட்டிருக்க, இதையும் எழுதிக் குடு."

சும்மாதானே! பதினைந்து வருட எழுத்துக்கு எங்கள் குடும்பத்தில் கிடைத்த ஒரே விமர்சனம். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "காலை வெயில் சின்னஞ்சிறு நாற்காலிகளின்மேல் பொன்னாக..." அடித்துவிட்டேன். அந்த அறைக்குள் வெயில் வராது. பினாயில் வாடைதான் வரும்.)

2

இன்னொரு தொடக்கம்: அந்த வாரம் காப்பகமே தலைகீழாகக் கிடந்தது. மேஜை முனைகளில் எல்லாம் பஞ்சு ஒட்டினார்கள். பிளக் ஓட்டைகளை மூடினார்கள். ஃபிரிட்ஜுக்குள் புதிதாக ஒரு வெப்பமானி ஏறியது. ஆயா பொம்மைகளை வாளியில் முக்கிக் கழுவி மாடியில் காயவைத்தார்.

"பொம்மைங்க எல்லாம் குளிச்சாச்சு. புள்ளைங்கதான் இன்னும் குளிக்கல."

நடுவில் நான், நான்கு பேனாக்களோடு. மாதத்துக்கு ஒரு மை மாறினால்தான் அப்போதைக்கப்போது எழுதியதுபோல் இருக்கும். அது என் யோசனை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒவ்வொரு குழந்தையையும் காட்டி ஆயாவிடம் கேட்பேன்.

"இது எப்படி?"

"கடிக்கும்."

"அது?"

"அதுவும் கடிக்கும். ஆனா சிரிச்சுக்கிட்டே கடிக்கும்."

3

இந்த இடத்தில் துரையைக் கொண்டுவர வேண்டும். இதுவரை நான்கு முறை தள்ளிப்போட்டுவிட்டேன்.

துரை என்பது ஆயா வைத்த பட்டப்பெயர். இரண்டு வயது எட்டு மாதம். ஒரு தகர டப்பாவின் மூடியைத் திறப்பான், மூடுவான், திறப்பான். பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான்.

"துரை வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாம்" என்பார் ஆயா. சொல்லிவிட்டு அவன் தலையைத் தடவுவார்.

படிவத்தில் 'பேச்சு' என்று ஒரு கட்டம். "பேசவில்லை" என்று எழுதினேன். அக்கா பார்த்தாள்.

"எட்டு மாசமும் இப்படியே எழுதினா, ஏன் பெத்தவங்ககிட்ட சொல்லல, ஏன் டாக்டர்கிட்ட அனுப்பலன்னு பிடிச்சுக்குவாங்க. ஏதாவது போடுடா."

போட்டேன். நான்காம் மாதக் குறிப்பில், பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றான். ஆறாம் மாதம் பந்து அலமாரிக்கு அடியில் உருண்டு போனது. குனிந்து பார்த்து, "காணோம்" என்றான்.* எட்டாம் மாதம், சாயங்காலம், கதவு திறந்த சத்தம் கேட்டு, "அம்மா" என்றான்.

கடைசிச் சொல்லில் கொஞ்சம் தயங்கினேன். மலிவான உருக்கம். என் கதையாக இருந்தால் வெட்டியிருப்பேன். ஃபைல்தானே என்று விட்டுவிட்டேன்.

(*எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவன் குனிந்து பார்த்தது உண்மை. சொல் மட்டும்தான் என்னுடையது.)

4

ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். படிக்காமலே போட்டார்கள். துரையின் அம்மா மட்டும் படித்தாள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள். தோளில் மாட்டிய பையை இறக்காமல், விரலை வைத்து, வரிவரியாகப் படித்தாள்.

"அம்மான்னா சொன்னான்?"

"ம்... சொன்னான்" என்றாள் அக்கா.

"எங்கிட்ட சொன்னதே இல்லையேக்கா!" சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேட்டீங்களாண்ணா?"

என் தலை தானாகவே — இல்லை. தலையாட்டினேன். நான்தான் ஆட்டினேன்.

"அப்ப திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்ல? ஆறு மாசம் அலைஞ்சு வாங்கின டோக்கன். காது கேக்குதான்னு பாக்கணும்னாங்க, என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்தினாங்க. அதான் பேசிட்டானே!"

கையெழுத்துப் போட்டாள். பிறகு துரையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா சொல்லுடா தங்கம். ஒரே ஒரு தடவை."

அவன் மூடியைத் திறந்தான். மூடினான்.

"எம்மேல கோவம்" என்றாள் எங்களைப் பார்த்து. "நாள் முழுக்க விட்டுட்டுப் போறேன்ல."

இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும். வரவில்லை.

5

ஆய்வாளரம்மா மறுநாள் வந்தார். துரையின் ஃபைலை இரண்டு முறை புரட்டினார். "இந்தக் குறிப்பு உயிரோட்டமா இருக்கு" என்றார். என் எழுத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் சந்தோஷப்பட முடியாது.

தேறிவிட்டோம். அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன், துரையின் அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடு என்று.

"சொன்னா பதினாலு ஃபைலும் பொய்னு ஆயிடும். மூடிட்டுப் போகவேண்டியதுதான். அத்தனை அம்மாக்களும் புள்ளைங்களை எங்க விட்டுட்டு வேலைக்குப் போவாங்க? கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமா சொல்றேன்."

"அதுக்குள்ள டோக்கன் போயிடும்கா! இன்னும் ஆறு மாசம் அலையணும்!"

கத்தினேன். கத்தியதோடு சரி.

6

இன்றைக்குத் திங்கட்கிழமை. டோக்கன் பன்னிரண்டு மணி வரைக்கும்தான். காலை எட்டு மணிக்கே துரையின் அம்மாவுக்குப் போன் செய்ய உட்கார்ந்தேன், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினொன்றேகால். அக்காவுக்காகப் பயம் என்று இவ்வளவு நேரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நான் தலையாட்டியது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

முடிவுகள் இருக்கின்றன.

போன் செய்கிறேன். அவள் வேலையைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். காப்பகத்துக்குப் பூட்டு.

போன் செய்யவில்லை. துரைக்கு மூன்று வயது ஆகிறது, நான்கு —

மூன்றாவது ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடிக்கும். சாயங்காலம் கதவு திறக்கிறது, துரை நிமிர்ந்து பார்த்து, "அம்மா" என்கிறான். அதை மட்டும் என்னால் எழுத முடியாது. ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இதற்குமேல் எழுதப்போவதில்லை. முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும். இன்று சாயங்காலமும் அவள் அவன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சுவாள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். தன்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். அவனுக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. அதையாவது யாராவது அவளிடம் சொல்லுங்கள்.