முற்றுப்புள்ளிக்கு முன்னால்

எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் வாக்கியம், முற்றுப்புள்ளி வைத்ததும் நடந்துவிடும். நான்காம் வகுப்புக்குப் போனால் சரியாகிவிடும். அதுவரை பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளை 'அம்மா கறி சமைத்தாள்' என்பதைக் 'கரி' என்று எழுதிவிட்டது. அந்த வீட்டில் மூன்று நாள் யாரும் பல் தெரியச் சிரிக்கவில்லை.

அதனால் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து ஆன்லைனில் பயிற்சி நடக்கிறது. நடத்துபவர் எஸ்தர் ராணி மேடம். பெரியவர்கள் சரியான எழுத்தைச் சொல்லக் கூடாது, ரப்பரைத் தொடவும் கூடாது என்பது விதி. மீறினால் புள்ளி தானாக விழுந்துவிடும். சந்தேகம் வந்தால் திரையில் கையைத் தூக்கி அவரிடம் கேட்கலாம்.

என் மகள் பெயர் யாழினி. ஆசைப்பட்டு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ழகரம் வராது. என் வாயில் அவள் யாளினிதான். தன் பெயரில் இருப்பதால் ழ அவளுக்குச் செல்ல எழுத்து. எங்கே சந்தேகம் வந்தாலும் அதையே போட்டுவிடுவாள்.

அன்றைய தலைப்பு, 'நானும் அப்பாவும் விளையாடினோம்'. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'அப்பா கதவுக்குப் பின்னால் ஒழிந்தார்'

ஒளிந்தவன் திரும்பி வரலாம். ஒழிந்தவன் வர முடியாது. பென்சில் முனை புள்ளி வைக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

"இரு தங்கம். ஒரு தடவ வாசிச்சுக் காட்டு."

வாசித்தாள். அவள் வாயிலும் ழகரம் வராது என்பதால் வாக்கியம் சுத்தமாக இருந்தது.

"சரியாத்தானப்பா இருக்கு?"

கையைத் தூக்கினேன். எஸ்தர் ராணி மேடம் திரையில் என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க சார். நீங்க வாசிச்சுக் காட்டுங்க. தப்பு காதுல விளுந்துரும்."

அவர் 'விளுந்துரும்' என்றதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. இருந்தாலும் வாசித்தேன். நான் வாசித்ததிலும் அப்பா பத்திரமாகவே ஒளிந்தார்.

யாழினிக்குச் சலிப்பாகிவிட்டது. "புள்ளி வச்சிரட்டா?"

"வேண்டாம்மா!" கத்தியேவிட்டேன்.

மேடம் சற்று யோசித்தார். "எளுத்தச் சொல்லத்தான் கூடாது சார். இத வேற மாதிரி எப்படி எளுதலாம்னு கேளுங்க. அது தப்பில்ல."

கேட்டேன். யாழினி என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே ரப்பரை எடுத்து அழித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் தலையைத் தடவினேன். புதிதாக எழுதி, நான் படித்து முடிக்கும் முன்பே புள்ளியும் வைத்துவிட்டாள்.

'அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். நான் அப்பாவைக் கண்டுபிடிக்கவே இல்லை.'

"சபாஷ்! ஒரு பிளை இல்ல," என்று மேடம் பாராட்டியது கதவுக்குப் பின்னாலிருந்த எனக்கும் கேட்டது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாழினி என்னைத் தேடுகிறாள். கதவை இழுத்து, என் முகத்தை நேராகப் பார்க்கிறாள். நான் கூப்பிடத்தான் செய்கிறேன்.

"இங்கயும் இல்லம்மா," என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்கிறாள்.

"நல்லாத் தேடு. எங்க போயிருவாரு?" என்கிறாள் என் மனைவி முத்துச்செல்வி. முதல் வாரம் அவள் குரல் நடுங்கியது. இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை பயிற்சியில் எனக்குப் பதில் அவள் உட்கார்ந்தாள். தலைப்பு, 'எங்கள் வீடு'. கதவிடுக்கு வழியாக நோட்டு நன்றாகத் தெரிந்தது. யாழினி அவசரப்படாமல் அழகாக எழுதினாள்.

'எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம்'

முத்துச்செல்வி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"புள்ளி வையி தங்கம்," என்றாள்.