வயிற்றுக்குள் எட்டுச் சுற்று

மைக்செட்காரருக்கு எங்கேயாவது ஒயர் தளர்ந்து கிடந்தால் பொறுக்காது. கூட்டம் முடிந்து ஜனம் எழுந்திருப்பதற்குள் எல்லா ஒயரையும் முழங்கையில் போட்டு வளையம் வளையமாகச் சுருட்டிவிடுவார். ஒருமுறை பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுருட்டிவிட்டார். மிச்சப் பேச்சு பேச்சாளருக்கு மட்டும்தான் கேட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் வயிற்றில் போய் இரண்டு ஒயரை வைத்தார்கள்.

அவருடைய இரைப்பை இரண்டு வருடமாக வேலைநிறுத்தத்தில் இருந்தது. உள்ளே போனதெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். டாக்டரம்மா வயிற்றுத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைத்து, அதன் ஒயர்களை இரைப்பைச் சுவரில் பொருத்தினார். பெட்டி துடிப்பு அனுப்ப, இரைப்பை வேலைக்குத் திரும்பியது. மூன்றாம் வாரம் ஒரு முழு முட்டை உள்ளே போய், உள்ளேயே தங்கியது. மனிதரும் மனைவியும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மூன்றே மாதம். வாந்தி திரும்பி வந்துவிட்டது.

"பெட்டி உங்களுக்கு ஒத்துக்கலைன்னா எடுத்துட வேண்டியதுதான். அப்புறம் குழாய் வழியா போற கரைசல்தான் சாப்பாடு," என்றார் டாக்டரம்மா.

மைக்செட்காரரின் கண்முன்னால் முட்டை உருண்டு போயிற்று.

எக்ஸ்ரே வந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார்.

"எட்டுச் சுத்து! பெட்டி உள்ள புரண்டு ஒயர் முறுக்கிக்கும்னு படிச்சிருக்கேன், ரொம்ப அபூர்வம். ஆனா தானா புரண்டா கன்னாபின்னான்னு இருக்கணுமே. இது கடையில வாங்கின சுருள் மாதிரி இருக்கு."

மனைவி மெல்லத் திரும்பினாள். "ஏங்க, டிவி பாக்கறப்ப சட்டைக்குள்ள கைய விட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அரிச்சுது."

"மூணு மாசமாவா?"

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் முட்டை போகும். முட்டைதான் ஜெயித்தது.

"ஒயர் தொளதொளன்னு கிடக்கிற மாதிரி தோணுச்சு டாக்டர். அதான் பெட்டியைப் பிடிச்சு தினம் கொஞ்சம் திருப்பி விட்டேன். யாராவது தடுக்கி விழுந்துட்டா?"

"உங்க வயித்துக்குள்ள யாருங்க நடக்கப் போறாங்க?" டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப பெட்டி மேல தப்பில்ல. ஒயர் இழுபட்டுக் கழண்டிருக்கு. மறுபடி மாட்டிடலாம். பெட்டியையும் நகராம தசையோட சேத்துத் தைச்சிடறேன். உங்க கையை எதோட தைக்கிறதுன்னுதான் தெரியல."

"அதை என்கிட்ட விடுங்க," என்றாள் மனைவி.

அறுவை முடிந்து கண் விழித்தபோது மடியில் இருபது கஜம் ஒயர், ஏழு பூனை விளையாடிய மாதிரி சிக்கலோடு கிடந்தது. சாயங்காலத்துக்குள் பிரித்துச் சுருட்டிவிட்டார். காலையில் பார்த்தால் மறுபடி சிக்கல். பெட்டியின் ஞாபகமே வரவில்லை.

பத்தாம் நாள் முட்டை. தங்கியது. கைகுலுக்கக் கையை நீட்டினார்.

மனைவிக்குக் கை ஒழியவில்லை. மறுநாளைக்கான சிக்கலைப் போட்டுக்கொண்டிருந்தாள்.