பிறந்தநாளில் ஊரில் இல்லை

மால்டாத் தீவுக்குப் போவதென்று ஹார்ம் முடிவெடுத்தது, கால்வாய் உறைந்து படகே வராத ஒரு பிப்ரவரி வாரத்தில். மெப்பல் ஊர்க் கால்வாயில் பாலத்தை ஏற்றி இறக்குவது அவன் வேலை. சும்மா இருந்தால் அவனுக்குக் கை அரிக்கும். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்துவிட்டான். அவன் மனைவி ரூலி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று.

"கோட்டைக்கு ஒரு நாள். மதில் சுத்தின பழைய ஊருக்கு ஒரு நாள். மண்ணுக்கடியில கல்லறைக் குகை ஒண்ணு இருக்கு, அதுக்கு இப்பவே சீட்டு வாங்கிடணும். பெட்டியில நாலு பாக்கெட் காப்பித்தூள், ஒரு வட்டு பாலாடைக்கட்டி."

"அங்க காப்பியே கிடைக்காதா?"

"கிடைக்கும். வாயில வைக்க முடியுமான்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் கட்டிக்கோ. குறை எதுக்கு?"

அவன் அதையும் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் இருந்தது. பிறகு சொன்னான்: "அக்டோபர்ல போறோம். உன் பிறந்தநாள் வாரத்துல."

ரூலிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுக்குப் பிறந்தநாள் என்றால் வேலைநாள். வீட்டிலுள்ள நாற்காலிகளோடு பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் இரவல் வாங்கி வட்டமாகப் போட வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி எல்லாருக்கும் கைகொடுத்து, 'உன் மனைவியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து', 'உன் அத்தையின் பிறந்தநாளுக்கு வாழ்த்து' என்று சொல்லி முடித்துத்தான் உட்காருவார். ஒரு காப்பி, ஒரு துண்டு கேக், இன்னொரு காப்பி, முழங்கால் வலி, சாலை நெரிசல் என்று பேச்சு. பிறந்தநாள்காரி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து கால் தேய்வாள். இந்த ஒரு வருஷமாவது கடலைப் பார்த்துக் காலை நீட்டி உட்காரலாம்.

டிக்கெட் போட்ட மறுநாளே உறவுக்காரர்களுக்குப் போன் செய்யத் தொடங்கினாள். எட்டு மாதம் முன்னால் சொல்வது அந்த ஊரில் அதிகமில்லை. "அப்ப கேக்கை எப்ப போடுவே?" என்று பெரியம்மா கேட்டாள். அவ்வளவுதான், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் வெஸ்ஸல் மட்டும் பாக்கி. அவள் போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

வெஸ்ஸல் அவளுடைய தம்பி, பால் லாரி ஓட்டுகிறவன். அப்பாவுக்கு ஞாபகமறதி முற்றிய காலத்தில், இவள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். வேறு வழி இருக்கவில்லை. "நீ அப்பாவை வீட்டை விட்டுத் துரத்திட்டே" என்றான் அவன். "நீ எத்தனை ராத்திரி அவரோட முழிச்சிருந்தே?" என்றாள் இவள். அதோடு பேச்சு நின்றது. இருவருக்குமே தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆனாலும் அவள் பிறந்தநாளுக்கு அவன் வருவான், அவன் பிறந்தநாளுக்கு அவள் போவாள். போகாமலிருந்தால் பகை என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. அந்த அளவுக்குப் போக இருவருக்கும் தைரியம் கிடையாது. அவன் வட்டத்தில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்துவிட்டு எழுந்து போவான். அக்காவும் தம்பியும் வருஷத்துக்கு இரண்டு முறை முகம் பார்ப்பது அப்படித்தான். இந்த அக்டோபர் விட்டுப்போனால் அவன் தன்னுடையதையும் விட்டுவிடுவான். பிறகு யார் முதலில் தொடங்குவது? அவனை இழந்துவிடுவோம் என்று ரூலி உண்மையாகவே பயந்தாள்.

"டிக்கெட்டை மாத்த முடியுமா?" என்று ஹார்மைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"வெஸ்ஸல்."

ஹார்ம் வரைபடத்தை மடித்தான். "முதல்ல அவனுக்குப் போன் பண்ணு. அப்புறமும் மாத்தணும்னு சொன்னா மாத்திடறேன்."

போன் செய்தாள்.

"அக்டோபர்ல நாங்க ஊர்ல இல்லடா. மால்டா போறோம். அதனால இந்த வருஷம் பிறந்தநாள் கிடையாது."

"சரி. அப்ப வர வேண்டாம்."

"ஆமா."

"சரி" என்று வைத்துவிட்டான். ரூலி போனைப் பார்த்தபடி நின்றாள். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பதெல்லாம் பொய் என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"லீவு போட்டுட்டேன்" என்றான் வெஸ்ஸல், எடுத்த எடுப்பில்.

"என்ன லீவு?"

"ஜனவரியிலயே வருஷத்து லீவை எல்லாம் சொல்லிடணும். முதல்ல உன் நாளைத்தான் சொல்லுவேன். அப்புறம்தான் மீதி. இப்ப அந்த நாளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கடமைக்கு வருகிறான் என்றே ரூலி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை வாயேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்லை. காப்பி குடிக்க வா."

அவன் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்: "எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே அவன் கார் தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. திரையில்லாத ஜன்னல் வழியாக ரூலி பார்த்தாள். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒருவர் வீட்டு மணியை அடிப்பது அவர்கள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை.

"பத்தரை ஆனா வருவான், விடு" என்றான் ஹார்ம்.

ரூலி மேல்கோட்டுகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு, அந்தக் குளிரில் தெருமுனை வரைக்கும் நடந்து போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.