சைலஸ் பிராபர்ட்டின் ஹாலி இடம் மாறியது

வேல்ஸ் எல்லையோரம் டீம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊரில், நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைப் பால்வண்டி போன பிறகு, சைலஸ் பிராபர்ட்டின் ஹாலிச் செடி அவருடைய தோட்டத்தைவிட்டுக் கிளம்பி நடந்து போயிற்று. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹாலி என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கட்டும் முள்ளிலைச் செடி; இது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது, அதனால் மெதுவாகத்தான் போனது. எதிரே வந்த தபால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டார். செடி பொதுப்பாதையில் இறங்கி, ஆட்டு வயலைத் தாண்டி, நெஸ்டா வாட்கின்ஸின் தோட்டத்துக்குள் நுழைந்து, தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

சைலஸ் குதிரைச் சேணம் தைப்பவர், கல்யாணமாகாதவர். நெஸ்டா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், அவருக்கும் ஆகவில்லை. தன் தோட்டத்து ஹாலி சிவப்பாகக் காய்த்ததும் ஒரு கொத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நெஸ்டாவைப் பெண் கேட்பது என்று சைலஸ் இளவயதிலேயே முடிவு செய்திருந்தார். கடையில் வாங்கிய கொத்தோடு போனால் மானம் போய்விடுமாம். செடியோ காய்த்த பாடில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அது பெண் செடி. ஆண் ஹாலி பக்கத்தில் இருந்தால்தான் காய் பிடிக்கும். அந்த ஆண் செடி இருந்தது நெஸ்டா வீட்டில். போதாக்குறைக்கு இந்த மனுஷன் ஏப்ரல் பிறந்தால் கத்தரிக்கோலை எடுத்துச் செடியைப் பெட்டி மாதிரிச் சதுரமாக வெட்டிவிடுவார். மொட்டெல்லாம் குப்பைக்குப் போகும். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய குடியைப் பற்றிப் பேசலாம், பக்தியைப் பற்றிப் பேசலாம், அவர் வளர்க்கும் செடியைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. இப்படியே சைலஸுக்கும் நெஸ்டாவுக்கும் தலை நரைத்தது.

செடி போன அன்று சைலஸ் ஊர் மன்றத்தில் முறையிட்டார். தலைவர் பெடோஸ் கசாப்புக்கடைக்காரர். பாதை நெடுக நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"பாதைய விட்டு எறங்கி வயல்ல ஒரு அடிகூட வைக்கல, சைலஸ். பாதையிலேயே போயிருக்கு. ஆட்டு வயல் கேட்டைச் சாத்திட்டும் போயிருக்கு. உம்ம அக்கா புருஷன் அதக்கூடச் செய்யமாட்டான். இதுல நான் என்னத்தக் குறை சொல்றது?"

செடி இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று தீர்ப்பாயிற்று. பார்த்துக்கொள்ள வேண்டியவர் சைலஸ். ஆகவே தினமும் நெஸ்டாவின் தோட்டத்துக்குப் போய்வந்தார். முதல் மாதமே இலையெல்லாம் கொட்டிவிட்டது. பாவம், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதார். நெஸ்டா தேநீரோடு வந்தார்.

"உதிர்ந்தா பொழச்சுக்கும், மிஸ்டர் பிராபர்ட். வாடிப்போயும் கிளைய விடாம ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் கவலை. மக்குன இலையப் போட்டு மூடுங்க. ஆனா ஒண்ணு, என் தோட்டத்துக்குள்ள கத்தரிக்கோல் வரக்கூடாது."

சைலஸ் கத்தரிக்கோலைத் தன் வீட்டில் பூட்டிவைத்தார். கை நமைச்சலுக்கு நெஸ்டாவின் மற்ற வேலைகளைச் செய்தார்; கோழிக்கூடு, கூரை, புகைபோக்கி எல்லாம் சரியாயின. செடி ஒரு வருஷம் துளிர்த்தது, ஒரு வருஷம் சும்மா நின்றது, அதற்கடுத்த மே மாதம் வெள்ளைவெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. தேனீக்கள் ஆண் செடிக்கும் பெண் செடிக்குமாக அலைந்தன. அந்த நவம்பரில், அம்மாடி, இலை தெரியாத காய்.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை ஹாலியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சைலஸ் காத்திருந்தார். பறவைகள் காத்திருக்கவில்லை. டிசம்பர் பனியில் வடக்கிலிருந்து கூட்டமாக இறங்கி, ஒரே நாளில் மொத்தத்தையும் தின்று தீர்த்தன. சைலஸ் தன் கம்பளிக் காலுறை ஒன்றைக் கழற்றி மூடிவைத்திருந்த ஒரு கொத்து மட்டும் தப்பியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அதை வெட்டிக்கொண்டு, தோட்டத்திலிருந்து வெளியே போய், சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார். நல்ல சட்டை, ஒரு காலில் காலுறை இல்லை.

"பின்கதவு தொறந்துதானே கெடக்கு," என்றார் நெஸ்டா.

"இது முன்கதவு விஷயம்," என்று கொத்தை நீட்டினார். நெஸ்டா வாங்கிக்கொண்டார்.

"முந்தி எத்தனையோ வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வேலி ஓரமா நின்னு சொல்லிட்டிருந்தேன். எங்க வீட்டுக்கு வந்துடு, இங்க உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

"என்கிட்டயா? ஒரு நாளும் காதுல விழலையே."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது, அது உங்க செடியாச்சே. அதுகிட்டயே சொன்னேன்."

சைலஸ் யோசித்தார். "பதில் சொல்லுச்சா?"

"சொல்லல. ஆனா வந்துச்சே."

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை கல்யாணம். ஹாலியும் வந்திருந்தது. தேவாலய வாசலில் யாருக்கும் வழியை மறைக்காமல் ஓரமாக நின்றது.