பாடுவான்

முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தியை வாலு என்று கூப்பிட்டால் கோபம் வரத்தானே செய்யும்? இவளுக்கு வராது. அண்ணன் வைத்த பெயர் அது. அவன் போன பிறகு அம்மா ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுகிறாள்.

போன என்றால் செத்துப்போன என்று அர்த்தம் இல்லை. வம்பே அங்கேதான் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போன அண்ணன் திரும்பி வரவில்லை. லாரி மட்டும் நெடுஞ்சாலை ஓரமாக நின்றது. கதவு பூட்டியிருந்தது. சாவி, அவன் எப்போதும் வைக்கிற மாதிரி, முன் டயர் மேல் இருந்தது. சரக்கில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. ஆளைத்தான் காணோம். போலீஸ் தேடி ஓய்ந்தது. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதா, தைரியம் சொல்வதா என்று தெரியாமல் வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. வாசல் பூட்டு பழசாகி மக்கர் பண்ணுகிறது. கதவைத் தோளால் முட்டித் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும். மாற்றலாம் என்றால், "அவன்கிட்ட ஒரு சாவி இருக்குல்ல? பூட்டை மாத்திட்டா அவன் எப்படி உள்ள வருவான்?" என்பாள். வாலுவுக்குத் தோள்வலி வந்ததுதான் மிச்சம்.

வாலுவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். கடை முதலாளி இன்னொரு கிளை திறக்கப்போகிறார். "பொறுப்பை உன்கிட்டதான் குடுக்கணும்னு ஆசை. ஆனா கம்பெனிக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுதணுமே" என்று இழுத்தார். அதற்காகத்தான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். இலக்கணம் பாதி, சொந்தமாக எழுதுவது பாதி. இரண்டிலும் தேறினால் சான்றிதழ், சான்றிதழ் வந்தால் கிளை.

பாடம் எடுக்கிற மிஸ் இவளைவிட வயதில் சின்னவள். ஆனால் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டால் ஈவு இரக்கம் பார்க்க மாட்டாள். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க. படிக்கிறவங்க கண்ணு முன்னாடி அவர் வந்து நிக்கணும்" என்றாள்.

வாலு தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதினாள். அண்ணன் வண்டி ஓட்டும்போது பாடுவான். வரி மறந்துபோனால் முன்னால் போகிற வண்டியின் நம்பரைப் போட்டுப் பாடுவான். ரொட்டியில் கருகின ஓரத்தை மட்டும் தின்பான். ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவான். எல்லா வானுக்கும் பானுக்கும் ஒரு 'வில்' போட்டு எழுதினாள். ஹி வில் சிங், ஹி வில் ஈட், ஹி வில் ஸ்லீப். தாள் திரும்பி வந்தபோது, அம்மை போட்ட மாதிரி பக்கம் பூராவும் சிவப்பு வட்டம்.

"வில்னா இனிமே நடக்கப்போறது" என்றாள் மிஸ். "உங்க அண்ணன் இனிமேதான் பாடப்போறாரா?"

"இல்ல மிஸ். பாடுவான்."

"இப்பவும் பாடுறாருன்னா சிங்ஸ். முன்னாடி பாடுவாரு, இப்ப இல்லன்னா யூஸ்டு டு சிங். ரெண்டுல எது?"

"தெரியல மிஸ்" என்றாள் வாலு.

"தெரியலன்னா புத்தகத்தை எடுத்துப் பாருங்க. அதுலயே இருக்கு. அடுத்த வகுப்புக்குத் திருத்தி எடுத்துட்டு வாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவளுக்கு என்ன தெரியும்? இலக்கணப் புத்தகம் எழுதுகிறவர்கள் வீட்டில் யாரும் காணாமல் போயிருக்க மாட்டார்கள். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. பாடுவான் என்றால் அன்றைக்குப் பாடியதும் ஆகும், இன்றைக்குப் பாடுவதும் ஆகும், நாளைக்குப் பாடப்போவதும் ஆகும். ஏழு வருஷமாக அந்த ஒரு 'வான்' போதும் என்று வீட்டில் இரண்டு பேரும் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். வாலுவுக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் தாளை விரித்து உட்கார்ந்தாள். முதலில் சிங்ஸ் என்று எழுதிப் பார்த்தாள். எங்கே பாடுகிறான்? யார் காதில் விழுகிறது? தன் கையெழுத்தே தன்னிடம் பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டாள். யூஸ்டு டு என்று எழுதப் பேனாவை வைத்தால் கை ஓடவில்லை. எழுதினால் அண்ணனைத் தானே கொண்டுபோய்ப் புதைத்த மாதிரி. எழுதாவிட்டால் கிளை போச்சு. கடைசியில் எழுதிவிட்டாள். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், கிளைக்காக அவள் எழுதவில்லை. அவன் வர மாட்டான் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். அதைச் சொல்ல இந்த வீட்டில் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். முதல் வட்டத்தைத் திருத்தத்தான் நேரம் ஆனது. மற்றதெல்லாம் மளமளவென்று ஆகிவிட்டது, அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஃப்ரேம் பார்க்க வந்த பெரியவர், "என்னம்மா, கண்ணுல தண்ணி வருது? பவர் ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

"தூசு சார்" என்றாள்.

அடுத்த வகுப்பில் மிஸ் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். "ஒரு டென்ஸை மாத்தினதும் எப்படி உயிர் வந்துடுச்சு பாருங்க! ஆளு கண்ணு முன்னாடியே நிக்கிறாரு" என்றாள். வகுப்பு கைதட்டியது. வாலு எழுந்து நின்று, குனிந்த தலை நிமிராமல் நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வாய் சும்மா இருக்காமல் அம்மாவிடம் உளறிவிட்டாள், தன் கட்டுரையை வகுப்பில் வாசித்தார்கள் என்று. "யாரைப் பத்தி எழுதின?" என்றாள் அம்மா. "அண்ணனைப் பத்தி" என்றதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வாலு இங்கிலீஷில் படித்தாள். அம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. 'பிரதர்' என்று வருகிற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள். படித்து முடித்ததும், "இப்ப தமிழ்ல சொல்லு" என்றாள்.

கடையில் தனியாக உட்கார்ந்து செய்ததை இப்போது அம்மாவின் முகத்துக்கு நேராகச் செய்ய வேண்டும். வாலு தாளைப் பார்த்தாள். யூஸ்டு டு சிங். வாயைத் திறந்தாள்.

"அண்ணன் வண்டி ஓட்டும்போது பாடுவான்."

அதற்குத் தமிழ் அதுதான். வேறு எப்படிச் சொன்னாலும் பேச்சு மாதிரி இருக்காது.

"ஆமா, பாடுவான்" என்றாள் அம்மா.

"ரொட்டியில கருகின ஓரத்தை மட்டும் தின்பான்."

"நடுவுல இருக்கறது உனக்கு."

"ஒரு காலை வெளியே நீட்டிட்டுத் தூங்குவான்."

"வலது கால். அதை எழுதினியா?"

"எழுதலம்மா."

"எழுதியிருக்கணும்" என்று அம்மா செல்லமாக முறைத்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வாலு பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. "கடைசியில என்ன எழுதின?"

கடைசி வரியில் வாலுவின் விரல் நின்றது. ஹி யூஸ்டு டு கம் ஹோம் வித்தவுட் டெல்லிங் எனிபடி. மிஸ் அதன் கீழே கோடு போட்டு, அழகு என்று எழுதியிருந்தாள்.

"சொல்லாம கொள்ளாம வந்து நிப்பான்" என்றாள் வாலு.

அம்மா வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "வருவான்" என்றாள்.

வாலு தாளை மடித்தாள். "வருவான்மா" என்றாள்.