எடுத்துக் கொடுக்கிறவள்

ஒண்ணாம் கிளாஸ் குழந்தைகளுக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம், அவர்கள் விளையாடுவதைப் பார்த்து டீச்சரே மதிப்பிட்டால் போதும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. மற்ற அம்மாக்களெல்லாம் அப்பாடா என்றிருக்க, ஸ்ரீலக்ஷ்மிக்கு மட்டும் தூக்கம் போயிற்று. பரீட்சை என்றால் மகள் மீராவை உட்காரவைத்து உருப்போட வைத்துவிடலாம். விளையாட்டை எப்படி உருப்போட வைப்பது? அதிலும் மீரா பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லை. மந்தமான குழந்தை என்று டீச்சர் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

வீட்டிலோ அந்த வாய் ஓயாது. கொலுவுக்கு யார் வந்தாலும், "எங்காத்துக் குழந்தை நன்னாப் பாடுவா" என்று ஸ்ரீலக்ஷ்மி அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுப்பாள். அப்புறம்தான் மீரா தொடங்குவாள். பேர் என்ன என்று யாராவது கேட்டால்கூட, "மீரான்னு சொல்லும்மா" என்று அம்மா முந்திக்கொள்வாள். கரமனையில் அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம் அதுதான்.

மதிப்பீட்டு நாளன்று பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சுகளை ஒதுக்கி ஒரு பழக்கடை போட்டிருந்தது. கடைக்காரி மீரா. ஆஷா டீச்சர் பையோடு வந்து நின்றாள். அவளும் கரமனைத் தமிழ்க்காரிதான்; பேச்சில் நடுநடுவே மலையாளம் கலக்கும்.

"நேந்திரம்பழம் இருக்கா?"

மீரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குன்னு சொல்லும்மா!" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மீரா அம்மா, பரீட்சை இல்லேன்னு சர்க்கார் சொன்னது குழந்தைகளுக்கு. உங்களுக்கு இன்னிக்கு உண்டு, கேட்டோ! வாயைத் திறக்கப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீலக்ஷ்மிக்கு முகம் சிவந்துவிட்டது. மீரா இன்னும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொலுவில் முதல் அடிக்காகப் பார்ப்பாளே, அதே பார்வை. அப்போதுதான் ஸ்ரீலக்ஷ்மிக்கு உறைத்தது. இத்தனை மாதமும் வகுப்பில் குழந்தை இப்படித்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது! புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

டீச்சர் மறுபடி கேட்டாள்.

"இல்லை," என்றது ஒரு குரல்.

"அதோ குலையே தொங்கறதே?"

"அது பழவங்காடிப் பிள்ளையாருக்கு. நீங்க நாளைக்கு வாங்கோ!"

வகுப்பே சிரித்தது. இப்படியொரு பதிலை ஏழு ஜன்மம் எடுத்தாலும் ஸ்ரீலக்ஷ்மி எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் மஹேஷ் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக மனைவியிடம், "என்ன ஆச்சு? மீரா பேசினாளா?" என்றான்.

ஸ்ரீலக்ஷ்மிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"என்னை எதுக்குக் கேக்கறேள்? அவளைக் கேளுங்கோ."