மறைப்புத் தாள்

திருவண்ணாமலையில் என் கை படாத சுவர் கிடையாது. நான் போஸ்டர் ஒட்டுகிறவன், பெயர் காசி. மைதாவில் மயில்துத்தம் கலந்து நான் காய்ச்சுகிற பசையை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மனுஷர்கள்தான் போஸ்டரை விட்டு நகர மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பெண்களை ஆறு துண்டாகச் சுருட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு போய், இடுப்புக்கு இடுப்பு, தொடைக்குத் தொடை சேர்த்து ஒட்டியிருக்கிறேன். அது யாரோ ஒருத்தியின் உடம்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றினால் இந்தத் தொழில் செய்ய முடியுமா?

தொண்ணூற்று நாலு, ஆடிப் பௌர்ணமி. காலையிலேயே தியேட்டர் மேனேஜர் கோதண்டராமன் கூப்பிட்டனுப்பினார். கிரிவலப் பாதையில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பார்த்து யாரோ புகார் கொடுத்துவிட்டார்களாம். சாயங்காலம் கூட்டம் சேர்வதற்குள் மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அதற்காக ரொம்பவும் மறைத்துவிடாதே, படம் ஓட வேண்டும் என்றும் சொன்னார். இந்த வித்தை எனக்குத் தெரியாததா? சும்மா விட்டால் பாதிப் பேர் பார்ப்பார்கள். ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால் மீதிப் பேரும் நின்று பார்ப்பார்கள்.

போஸ்டரில் கதாநாயகி அருவிக்கு அடியில் நனைந்த புடவையோடு நின்றாள். கதாநாயகி என்று சொல்வது முகத்துக்கு மட்டும். கழுத்தில் கத்தரிக்கோல் பட்ட தடம் எனக்குத் தெரிந்தது. மேலே மஞ்சள் முகம், கீழே மாநிற உடம்பு. பெரிய நடிகை அப்படி நிற்க மாட்டேன் என்றிருப்பாள். குரூப் டான்ஸில் ஆடுகிற ஒரு பெண்ணை நிற்க வைத்துப் படம் எடுத்து, தலையை மட்டும் மாற்றியிருப்பார்கள். பக்கத்தில் கதாநாயகன், சட்டையில்லாமல், நெஞ்சில் எண்ணெய் மினுங்க நின்றான். அவனுக்குத் தாள் ஒட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடி அண்ணாமலைக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். அங்கே என் சுவருக்கு எதிரேதான் வெள்ளையம்மாள் பௌர்ணமிதோறும் வேர்க்கடலை அவித்து விற்பாள். எப்போதும் என் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். நான் ஒட்டுவதை அவள் கண்றாவி என்பாள்; நான் அவள் கடலையைச் சொத்தை என்பேன். சில மாதமாகவே அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வருவதில்லை. அவளுடைய ஒரே பெண் வள்ளி, சினிமாவில் ஆடப் போகிறேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் போனவள். போன புரட்டாசியோடு கடிதம் நின்றுவிட்டது. செத்துவிட்டாள் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதற்கு அதுவே தேவலை. மெட்ராஸ் வண்டி எது வந்து நின்றாலும் வெள்ளையம்மாள் எழுந்து ஓடிப்போய் வள்ளியைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். நானும் சினிமாக்காரன்தானே என்று என்னிடமும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

நான் ஏணியில் ஏறி மூன்று இடத்திலும் தாளை ஒட்டி முடித்தேன். நீ பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டேன், திரும்பி உட்கார் என்றேன். அவளும் அடுப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு முதல் தடவையாக என் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. வெள்ளையம்மாள் சுவரிடம் வந்து குனிந்து போஸ்டரின் இடது காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. வள்ளிக்கு ஏழு வயசில் கடலைப் பானை கவிழ்ந்து வெந்த இடம் என்றாள். தழும்புக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு வெள்ளைச் சோழி. மார்பையும் இடுப்பையும் தாண்டி அதுவரை யார் காலைப் பார்த்தோம்? ஒட்டிய நானே பார்க்கவில்லை.

"இது நான் தீபத்தப்போ தபால்ல போட்ட கயிறு," என்றாள். "பதிலே வரலன்னு அழுதுனு இருந்தேன். கயிறு போய்ச் சேந்துகீது காசி. எம் பொண்ணு கார்த்திகைக்கு அப்புறமும் உசுரோடதான் இருந்துகீறா."

பிறகு, ஒட்டிய தாளையெல்லாம் எடு என்றாள். கூட்டம் வருகிறது, வேண்டாம் அக்கா என்று நான் தயங்கினேன். பெற்றவள் பார்க்காத உடம்பா என்று அதட்டினாள். பசை காயவில்லை, ஒவ்வொன்றாக உரித்தேன்.

அவள் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வேன்? காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மலை சுற்ற வந்த நாலைந்து வாலிபர்கள் போஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தன் செருப்பில்லாத தன் காலைக் குனிந்து பார்த்தான். எல்லாரும் நகர்ந்து போய்விட்டார்கள். நானே ஒட்டிய சுவர், ஆனால் கோயிலுக்குள் நிற்பதுபோல் என் கை தானாகத் தலைப்பாகையை அவிழ்த்தது.

அவள் திரும்பச் சுவரிடம் வந்து, காலில் வழிந்திருந்த பசையை முந்தானையால் துடைத்தாள்.

"நனஞ்ச துணியோட எம்மா நேரம் நிக்க வெச்சானுங்களோ."

கையில் மிச்சமிருந்த தாள் முழுவதையும் அந்த ஒரு போஸ்டருக்கே செலவழித்தேன். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரு இடம் விடாமல் போர்த்தினேன். காலை மட்டும் விட்டேன். கோதண்டராமன் மறுநாள் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். காதில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்த படக் கம்பெனியின் மெட்ராஸ் விலாசத்தை அன்றே அவளுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த இடத்தில் கேட்டால் இந்தப் போட்டோ எடுத்தவனைத் தெரியும், அவனைக் கேட்டால் இவளைத் தெரியும் என்று சொன்னேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட நானே போனேன். மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழிக்குச் சாப்பாடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்குப் பையைத் திறந்து காட்டினாள். ஒரு பொட்டலம் அவித்த கடலை இருந்தது. அதற்கு அடியில், நன்றாகக் காய்ந்த ஒரு புடவை.